பாடசாலைக் கண்காட்சி: காலையில் ஓடியது மத்தியானமும் ஓடவேண்டும்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பகுதி பாடசாலைக் கண்காட்சியைப் பற்றியது. வன்னியின் நான்கு மாவட்டங்களிலிருந்தும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஆறு கிழமையில் ஊர்மக்களுக்குக் கண்காட்சி வைக்கிறோம். தரம் 6 முதல் 11 வரை 22 செயற்றிட்டங்கள் பதிவாகியுள்ளன. இரண்டு வகுப்பறைகள்தான் கிடைக்கும். எதிலிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

எண்ணிக்கையைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் ஒரு காட்சிக்கூடத்தில் மூன்று நிமிடம் நின்றால் 22 கூடங்களுக்கு 66 நிமிடம் வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாயும் வயதான ஆச்சியும் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்கள். கடைசியில் இருக்கும் ஏழெட்டுக் கூடங்களின் பிள்ளைகள் வாசலைப் பார்த்தபடி நிற்பார்கள். 14 கூடங்கள் என்றால் 42 நிமிடம், அது தாங்கும். இடத்துக்கும் அதுதான் கணக்கு. 20 அடி அகலமும் 25 அடி நீளமுமான வகுப்பறையில், கூடம் ஒன்றுக்கு 6 அடி வீதம் ஒரு நீளச் சுவரில் நான்கு பிடிக்கும். வாசல்கள் உள்ள சுவரில் மூன்றுதான் பிடிக்கும். ஒரு வகுப்பறைக்கு ஏழு. நடுவில் எதையும் போடவேண்டாம். ஒரு வாசலால் வந்து மற்ற வாசலால் போகட்டும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளக்கம் சொல்லும் பிள்ளை மேசையின் பக்கத்தில் நிற்கவேண்டும். பின்னால் நின்றால் இரண்டடி இடமும் போகும், தொங்கும் பலகையையும் பிள்ளையே மறைத்துவிடும்.

மீதி எட்டை நிராகரிக்கத் தேவையில்லை. நீர் பற்றி மூன்று குழுக்கள் இருந்தால் ஒரே கூடத்தில் மூன்று படிகளாகச் சேர்த்துவிடலாம்.

முதற் கிழமையில் ஒவ்வொரு குழுவும் ஒரேயொரு வசனம் எழுதட்டும்: இது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? அந்த வசனம் வராத செயற்றிட்டத்துக்குப் பொருள் வாங்கவேண்டாம். இரண்டாம் கிழமை, மட்டையும் நூலும் வைத்தாவது ஒரு கரடுமுரடான மாதிரியை ஓட்டிப் பார்க்கவேண்டும். மூன்றாம், நான்காம் கிழமைகளில் உண்மையான மாதிரி. ஐந்தாம் கிழமை வைக்கவேண்டியதுதான் மிக முக்கியமான ஒத்திகை: மாதிரியைக் காலை 8.30 முதல் பிற்பகல் 1.30 வரை விடாமல் ஓட்டி, தரம் 6 பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆசைதீரத் தொடவிடுங்கள். ஒட்டு விடுவதும் பற்றரி இறங்குவதும் குழாய் அடைப்பதும் மூன்றாம், நான்காம் மணித்தியாலத்தில்தான் தெரியவரும். பத்து நிமிட ஒத்திகையில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். சுவரொட்டி எழுதும் வேலையை ஆறாம் கிழமைக்கு விடுங்கள். அதற்குள் மாதிரி பலமுறை மாறியிருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சாணகத்தில் உயிர்வாயு (பயோகாஸ்) காட்டுவதாக இருந்தால் முதல் நாளே தொடங்கவேண்டும். சாணகமும் தண்ணீரும் சம அளவு கலந்து காற்றுப்புகாமல் மூடினால், எரியக்கூடிய வாயு வர மூன்று, நான்கு கிழமை ஆகலாம். முதலில் வருவதில் காபனீரொட்சைட்டே கூடுதல், அது தீப்பற்றாது. ‘வாயு வருகிறது, ஆனால் எரியவில்லை’ என்று பல பாடசாலைகளில் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அந்த வாயுவை வெளியே விட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். பற்றவைத்துக் காட்டுவது வெட்டவெளியில், ஆசிரியர் கையால் மட்டும்.

குளமும் நீர் திறக்கும் துருசும் வயல்வாய்க்காலும் கொண்ட மாதிரி செய்கிறோம். களிமண் அணை வெடித்துத் தண்ணீர் ஒழுகுகிறது. ரெஜிபோமில் செய்து ஸ்பிரே பெயின்ட் அடித்தோம், அது உருகிப்போனது. என்ன பிழை?
– தரம் 9 மாணவர்கள், கிளிநொச்சி

ரெஜிபோம் சூட்டினால் உருகவில்லை, கரைந்துபோனது. ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். தின்னர், பெற்றோல், செருப்பு ஒட்டும் பசை எல்லாம் அப்படித்தான். ரெஜிபோமை ஒட்ட பைன்டர் கம், நிறத்துக்குச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட். இரண்டும் தண்ணீரில் கரைபவை. ரெஜிபோமை ஒன்றும் செய்யா.

களிமண் காயும்போது சுருங்கும், அதனால் வெடிக்கும். மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல், இரண்டு கைப்பிடி உமி அல்லது பொடியாக வெட்டிய வைக்கோல் சேர்த்துப் பிசையுங்கள். இரண்டு சென்ரிமீற்றர்ப் படைகளாக வைத்து, ஈரச்சாக்கால் மூடி, நிழலில் மூன்று நாள் மெதுவாகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் வெடிக்கும்.

ஆனால் எவ்வளவு நன்றாகப் பிசைந்தாலும் இந்தச் சின்ன அணை ஐந்து மணித்தியாலம் தண்ணீர் தாங்கும் என்று நம்பவேண்டாம். களிமண் பார்வைக்கு, தண்ணீரைத் தாங்குவது உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் தட்டமாக இருக்கட்டும். தட்டம் கிடைக்காவிட்டால், இடையில் ஒட்டில்லாத ஒரே துண்டுத் தடித்த பொலித்தீன். அதை அணையின் மேல்விளிம்பு வரை ஏற்றி, அதன்மேல் களிமண் பூசி மறையுங்கள்.

அப்போது ஒழுகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: துருசுக் குழாய் தட்டத்தைத் துளைத்து வெளியேறும் இடம். குழாயின் தடிப்பைவிடச் சற்றுச் சிறிய துளை போடுங்கள். பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் வட்டத்தை உள்ளும் புறமும் வைத்து இறுக்குங்கள். சிலிக்கன் பசை மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். வாளி, தட்டம் செய்யும் பிளாஸ்ரிக்கில் அது சரியாகப் பிடிக்காது, காய்ந்த பிறகு தோலாக உரியும். குழாய்க்கு மருந்துக்கடையில் புதிதாக வாங்கும் சேலைன் குழாய் நல்லது. அதிலுள்ள உருளைப் பிடியைத் திருப்பினால் துருசைத் திறப்பதுபோலவே நீரைக் கூட்டலாம், குறைக்கலாம். வைத்தியசாலையில் பாவித்துக் கழித்த குழாயை எடுக்கவே கூடாது.

இனிக் கணக்கு. 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 8 ஆழம் என்றால் 19.2 லீற்றர். தண்ணீர் மட்டுமே 19 கிலோ, களிமண்ணோடு 35 கிலோவைத் தாண்டிவிடும். வகுப்பறை மேசை ஒன்றில் வைத்தால் ஆடும். இரண்டைச் சேர்த்துக் கால்களைக் கட்டிவிடுங்கள். நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் விட்டால் மூன்று மணித்தியாலம் ஓடும். வாய்க்காலின் கடைசியில் ஒரு வாளி. மணிக்கொருமுறை வாளித் தண்ணீரைக் குளத்தில் ஊற்றினால் போதும். மோட்டார்தான் வேண்டும் என்றால் 5 அல்லது 12 வோல்ற்றில் ஓடும் சின்னப் பம்பி. பிள்ளைகள் கைவிடும் தண்ணீரில் 230 வோல்ற்றுப் பம்பியை இறக்கக்கூடாது.

மேலதிக நீர் வழியும் கலிங்கை மறந்துவிடாதீர்கள். அது அணையின் உச்சியைவிட ஒன்றரைச் சென்ரிமீற்றர் தாழ இருக்கவேண்டும். ஒரு குவளை தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி, குளம் வான் பாய்வதைக் காட்டுங்கள். மண் அணைக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அரித்து உடைத்துவிடும் என்பதைப் பத்து வரி எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும். துருசின் வாயும் குளத்தின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். கடைசியாக மிஞ்சும் தண்ணீரில் மீனும் மாடும் பிழைப்பதை உங்கள் கூடத்துக்கு வரும் கமக்காரர் எல்லோரும் அறிவார்கள். இல்லாவிட்டால் முதலில் கேட்பதும் அவர்கள்தான்.

ஒரு குறிப்பிட்ட குளத்தின் மாதிரி என்றால் அளவுத்திட்டத்தை நேர்மையாக எழுதுங்கள். 100 மீற்றரை ஒரு சென்ரிமீற்றராக எடுத்தால் 2 கிலோமீற்றர் அணை 20 சென்ரிமீற்றர் நீளம் வரும். 10 மீற்றர் உயரமோ ஒரு மில்லிமீற்றர்தான் வரும். ஆகவே உயரத்தை 30, 40 மடங்கு பெருப்பிக்கவேண்டியிருக்கும். ‘உயரம் இத்தனை மடங்கு பெருப்பிக்கப்பட்டது’ என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் இருக்கட்டும்: இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு, வவுனிக்குளத்துக்குப் பாலியாறு, கட்டுக்கரைக்குளத்துக்கு அருவியாறு. இரணைமடுவின் கட்டுமானம் 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. அந்த ஒரு வரி கண்டால் வயதானவர்கள் நின்று பேசத் தொடங்குவார்கள்.

சிரட்டைக்கரியும் மணலும் போட்ட நீர்வடி செய்திருக்கிறோம். ‘கிணற்று நீரிலுள்ள புளோரைட்டை அகற்றும்’ என்று பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். சரியா? தண்ணீரும் கறுப்பாக வருகிறது.
– விஞ்ஞான ஆசிரியர், செட்டிகுளம்

சரியில்லை. தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். சாதாரணக் கரியும் மணலும் சேற்றையும் ஓரளவு நிறத்தையும் மணத்தையும் பிடிக்கும். கரைந்திருக்கும் புளோரைட்டையோ உப்பையோ சவர்க்காரத்தை நுரைக்கவிடாத வன்மையையோ அகற்றா. கிருமியையும் முழுதாக நிறுத்தா. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டும் வன்மையும் கூடுதல். சிறுநீரக நோய் பற்றிய பயத்தோடு வாழும் குடும்பங்கள் உங்கள் கூடத்துக்கு வரும். ‘இது அகற்றும்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நம்பி வீட்டில் செய்து குடிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் புளோரைட்டு மேலெல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். ஊர்களில் வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் மிக நுண்ணிய மென்சவ்வினூடாகத் தண்ணீரை அழுத்தத்தில் தள்ளுவதால் அதைக் குறைக்கிறது. மணலால் அது முடியாது என்பதைக் கூடத்தில் எழுதினால் உங்கள் செயற்றிட்டத்தின் பெறுமதி கூடும்.

கறுப்பு வருவது கரியைக் கழுவாததால். பயறளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். பத்துத் தண்ணீராவது எடுக்கும். மணலையும் அப்படியே. 5 லீற்றர்ப் போத்தலை அடி வெட்டிக் கவிழ்த்து, வாயில் இரண்டு மடிப்புச் சீலை கட்டி, கீழிருந்து மேலாகக் கூழாங்கல் 5 சென்ரிமீற்றர், பருமணல் 5, கரி 7, நுண்மணல் 10 என்று நிரப்புங்கள். மேலே ஒரு சீலைத் துண்டு போட்டால் ஊற்றும்போது மணல் குழியாது. முதல் ஐந்து லீற்றரைக் காட்சிக்கு எடுக்கவேண்டாம். நுண்மணலை அடியில் வைக்கும் பிழையும் அடிக்கடி நடக்கும். அப்போது சேறு கூழாங்கல்லுக்குள் எல்லாம் இறங்கி, மணலில் அடைத்து, பதினொரு மணிக்கே ஓட்டம் நின்றுவிடும்.

குடிக்கக் கொடுக்கவே கூடாது. ‘குடிப்பதற்கல்ல’ என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

வன்மையைக் காட்ட ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரே அளவான போத்தல்களில் கிணற்றுநீர், மழைநீர், கொதித்து ஆறிய கிணற்றுநீர் ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் எடுங்கள். சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் பத்துச் செக்கன் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்க எத்தனை துளி என்று எண்ணுங்கள். பார்வையாளரே குலுக்கலாம். கொதித்த நீர் குறைந்த துளியில் நுரைத்தால், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதே வன்மைதான் என்று சொல்லுங்கள். கொதித்தும் குறையாத பங்கு நிலையான வன்மை. சவர்க்காரக் கட்டியைச் சீவிக் கரைக்கவேண்டும். உடுப்புத் தோய்க்கும் தூளும் சாம்புவும் வன்னீரிலும் நுரைக்கும், சோதனை பொய்த்துவிடும். தேற்றான்கொட்டை கிடைத்தால், மண்பாத்திரத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீர் ஊற்றித் தெளிவதையும் பக்கத்தில் வைக்கலாம். அதுவும் சேற்றைத்தான் படியவைக்கும்.

ஒரு வகுப்பறையில் ஒரு பிளக் பொயின்ற் மட்டுமே. ஏழு கூடங்களுக்கும் மின்சாரம் கேட்கிறார்கள். 9 வோல்ற் பற்றரி போட்டவர்களுக்கு அரை மணியில் மோட்டார் நின்றுவிடுகிறது.
– ஆசிரியர், மல்லாவி

முதலில் யாருக்கு மின்சாரம் உண்மையில் வேண்டும் என்று பாருங்கள். ஏழில் நான்கு பேர் கேட்பது ஒரு அலங்கார பல்புக்காக இருக்கும். அதை வெட்டிவிடலாம்.

பழைய 5 அம்பியர் பொயின்ற் என்றால் 5 × 230 = 1150 வாற் அதன் எல்லை. எல்.ஈ.டி பல்புகளும் ஒரு மடிக்கணினியும் சேர்ந்து 150 வாற்றைத் தாண்டா. ஆனால் ஒரு மின்கேத்தில் 1500 வாற்றுக்கு மேல் இழுக்கும். தேநீருக்கு என்று யாராவது செருகினால் எல்லாக் கூடமும் இருளும், அல்லது வயர் சூடாகும். மல்ரி பிளக்கில் இன்னொரு மல்ரி பிளக் செருகவேண்டாம். சுருட்டிய எக்ஸ்ரென்ஷன் வயரை முழுதாக விரித்துப் பாவியுங்கள், சுருளாகவே விட்டால் உள்ளே வெப்பம் தேங்கும். வயர் நடைபாதையைக் குறுக்கே வெட்டக்கூடாது. சுவரோரமாக அல்லது யன்னல் மேற்கம்பியோடு கட்டிக் கொண்டுபோங்கள். முதல்நாள் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்னியலாளர் பார்க்கும்வரை அந்த அறையில் மின்சாரக் காட்சி வேண்டாம்.

சதுர 9 வோல்ற் பற்றரி மோட்டாருக்கு ஏற்றதல்ல. நல்ல அல்கலைன் ரகத்திலேயே கொள்ளளவு ஏறக்குறைய 500 மில்லி அம்பியர் மணிதான்; 300 மில்லி அம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அது எப்படிக் காணும்? மலிந்தது இன்னும் விரைவில் விழும். 6 வோல்ற் 4.5 அம்பியர் மணி மின்னேற்றும் பற்றரி ஒன்று கணக்கின்படி 15 மணித்தியாலம் தரும். பாதி கிடைத்தாலும் கண்காட்சி முடியும். அதைவிட நல்ல வழி, அழுத்தினால் மட்டும் ஓடும் பொத்தான் சுவிட்ச். பார்வையாளருக்குத் தானே இயக்கிய சந்தோசம், பற்றரிக்கு ஓய்வு. எல்.ஈ.டிக்குத் தடை போடாமல் நேரே கொடுத்தால் கருகும்: 9 வோல்ற்றில் 2 வோல்ற் சிவப்பு எல்.ஈ.டி, 20 மில்லி அம்பியர் என்றால் (9 − 2) ÷ 0.02 = 350 ஓம். கடையில் 390 வாங்குங்கள்.

சூரியத் தகடு வைப்பவர்கள் அதை அறைக்குள் வைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். தகடு வெளியே, தெற்குப் பார்த்துச் சற்றுச் சாய்ந்து, வயர் உள்ளே. ஒரு தென்னோலையின் நிழல் மூலையில் விழுந்தாலும் வெளியீடு பெரிதாகக் குறையும், ஏனெனில் கலங்கள் தொடராக இணைந்தவை. அதையே ஒரு காட்சியாக்கலாம்: கையால் ஒரு கலத்தை மறைத்து, மோட்டார் தளர்வதைக் காட்டுங்கள்.

யானை வந்தால் ஒலி எழுப்பும் கருவி செய்தேன். லேசர் ஒளியும் எல்.டி.ஆர். உணரியும். வீட்டில் இரவில் வேலை செய்தது. பாடசாலையில் பகலில் சத்தமே இல்லை.
– தரம் 10 மாணவன், நெடுங்கேணி

தம்பி, உங்கள் சுற்றில் பிழையில்லை, பகல் வெளிச்சம்தான் காரணம். எல்.டி.ஆரில் வெளிச்சம் பட்டால் தடை குறையும், இருண்டால் கூடும். லேசர் அறுபட்டதும் தடை கூடி, திரான்சிஸ்ரர் திறந்து, பசர் ஒலிக்கவேண்டும். பகலில் லேசர் அறுபட்டாலும் யன்னல் வெளிச்சமே எல்.டி.ஆரை நிறைக்கிறது. அதற்குக் கறுப்பு நிறக் குழாய்த் துண்டு ஒன்றை, 6 முதல் 8 சென்ரிமீற்றர் நீளத்தில், எல்.டி.ஆருக்கு முன் மாட்டுங்கள். உட்புறமும் கறுப்பாக இருக்கட்டும். நேரே வரும் லேசர் மட்டும் உள்ளே போகும். நிலையான தடைக்குப் பதில் 100 கிலோஓம் மாறுந்தடை போட்டால் கண்காட்சியன்று காலை அந்த அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். பி.சி. 547 திரான்சிஸ்ரர் சின்னப் பசருக்குப் போதும். வாகன சைரனை அதில் நேரே கொடுத்தால் எரியும்.

லேசர் யாருடைய கண்ணிலும் படக்கூடாது. மாதிரிக் காட்டின் இருபக்கமும் மட்டைச் சுவர் வைத்து, ஒளி அந்தப் பெட்டிக்குள்ளேயே முடியட்டும். பசரின் வாயில் ஒரு ரேப் துண்டு ஒட்டுங்கள். நாள் முழுக்க அலறினால் பக்கத்துக் கூடத்துப் பிள்ளை பேசமுடியாது.

ஊரார் நிச்சயம் கேட்பது: ‘மாடு, நாய் வந்தாலும் அடிக்குமே?’ ஒளிக்கற்றையை ஐந்தடி உயரத்தில் வைத்தால் மாடும் நாயும் பன்றியும் கீழால் போகும், வளர்ந்த யானை அறுக்கும். குட்டி தாயோடுதான் வரும். ஆளும் அறுப்பார் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். மின்வேலி மாதிரி வைக்கும் எண்ணம் இருந்தால், அதில் மின்சாரமே வேண்டாம், எல்.ஈ.டி போதும். முறையான யானைவேலியில் தனிக் கருவி ஒன்று மிகக் குறுகிய துடிப்புகளாக மின்னைக் கொடுக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்ததால் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை உங்கள் கூடத்தில் எழுதி வையுங்கள்.

கண்காட்சிக்குப் பழைய இரும்பு சேர்க்கச் சொல்லி மகன் காணிகளுக்குள் திரிகிறான். தடுப்பதா?
– தாய், புதுக்குடியிருப்பு

தடுங்கள் அம்மா. ஆசிரியருக்கும் இன்றே சொல்லுங்கள். மண்ணில் கிடக்கும், மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் எந்த உலோகப் பொருளையும் பிள்ளை தொடவும் கூடாது, உதைக்கவும் கூடாது, கிண்டவும் கூடாது. துருப்பிடித்த வெடிபொருள் பழைய இரும்புபோலவே இருக்கும், ஆண்டுகள் போனாலும் வெடிக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் வந்த வழியே திரும்பி, பெரியவர் ஒருவரிடம் சொல்லி, கிராம அலுவலர் அல்லது பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும். பாடசாலைகளுக்கு எங்கள் வேண்டுகோள்: பொருட்பட்டியலில் ‘பழைய இரும்பு’ என்ற சொல்லே வேண்டாம். ‘கடையில் வாங்கிய ஆணி, வீட்டிலுள்ள பால்மா ரின்’ என்று பொருளின் பெயரோடு எழுதுங்கள்.

பதாகை அச்சிடக் கொடுத்தோம். தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?
– ஆசிரியை, முள்ளியவளை

நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள், அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. யுனிகோட்டில் செய்யுங்கள், எதில் செய்தாலும் பீ.டி.எஃப். ஆக மாற்றி, வேறொரு கைத்தொலைபேசியில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்று மீற்றர் தூரத்திலிருந்து சிரமமின்றி வாசிக்கத் தலைப்பு எழுத்தின் உடல் 2.5 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். கொம்பு, சுழி, விசிறியைச் சேர்க்காமல் ‘க’வின் உயரத்தை அளங்கள். விளக்க வரிகள் 8 மில்லிமீற்றர். கணினி காட்டும் எண்ணை நம்பாமல், ஒரு வரியை அச்சிட்டு அடிமட்டத்தால் அளப்பதுதான் நிச்சயம். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரிகளை நெருக்கினால் முட்டும். வரியுயரத்தில் பாதியளவு இடைவெளி விடுங்கள். ஒரு கூடத்துக்கு எல்லாமாக 200 சொல் போதும். மஞ்சள் எழுத்து வெள்ளைத் தாளில் தெரியாது. லமினேற் செய்த தாள் யன்னலுக்கு எதிரே மினுங்கும், வாசிக்க முடியாது.

அழகாக எழுதும் பிள்ளை இருந்தால் பிறிஸ்டல் போட்டில் கையால் எழுதவிடுங்கள். எங்கள் தெரிவு அதுதான்.

மைதானத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு வைக்கிறோம். சென்ற முறை காற்றில் பலகைகள் விழுந்தன. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வசதி செய்ய வேண்டும்.
– பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பூநகரி

இரண்டாம் தவணை என்றால் கச்சான்காற்று. அது தென்மேற்கிலிருந்து வரும். கொட்டிலின் அடைத்த பக்கம் தென்மேற்காகவும் திறந்த பக்கம் வடகிழக்காகவும் இருக்கட்டும். உங்கள் பக்கம் மணல். முளைக்கட்டை அடித்தால் அசைந்து அசைந்து கழன்றுவிடும். அதற்குப் பதில் மணல் நிரப்பிய உரப்பையைக் கயிற்றோடு இரண்டடி ஆழத்தில் புதைத்து, அதில் இழுத்துக் கட்டுங்கள். இறுகிய செம்மண் உள்ள ஊர்களில் அலவாங்கால் துளையிட்டு, முளையை வெளிப்பக்கம் சாய்த்து ஒன்றரை அடி இறக்கினால் போதும். பலகைகளின் ஒவ்வொரு காலிலும் 10 கிலோ மணற்பை. தறப்பாளைத் தளர விட்டால் காற்றில் அடித்து அடித்து ஓட்டையோரம் கிழியும்.

சரிவுப்பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம், மூன்றடி அகலம். குறுகலாகச் செங்குத்தாக வைத்தால் தள்ளுபவர் இல்லாமல் ஏறமுடியாது, இறங்கும்போது கவிழும். மணலில் சக்கரம் புதையும், ஆகவே வாயிலிலிருந்து கொட்டில் வரை பலகை விரியுங்கள். கூடங்களுக்கிடையே வழி மூன்றடிக்குக் குறையாமலும், திரும்பும் இடத்தில் ஐந்தடியும் வேண்டும். கைபட வேண்டிய பொத்தானோ போத்தலோ மேசையின் முன்விளிம்பில் இருக்கட்டும். செயற்கைக்காலோடு வருபவர்கள் நெடுநேரம் நிற்கச் சிரமப்படுவார்கள். நான்கு கூடத்துக்கு ஒரு வாங்கு போடுங்கள்.

மகள் விளக்கத்தை மனப்பாடம் செய்கிறாள். இடையில் யாராவது கேள்வி கேட்டால் முதலிலிருந்து தொடங்குகிறாள்.
– தந்தை, மாங்குளம்

தாளை வாங்கி வைத்துவிடுங்கள். தொண்ணூறு செக்கனில் மூன்று விடயம்: இது எந்தக் கேள்வி, நாங்கள் என்ன செய்தோம், என்ன கண்டோம். மூன்றையும் பொருளைத் தொட்டுக் காட்டியபடி, வீட்டில் கதைப்பதுபோலச் சொல்லட்டும். அம்மம்மாவுக்கு ஒருமுறை, தம்பிக்கு ஒருமுறை சொல்லிப் பழகினால் சொற்கள் தாமாகவே மாறும். பார்வையாளர் பெரும்பாலும் கேட்பவை: எவ்வளவு முடிந்தது, எங்கள் வீட்டில் செய்யலாமா, இதில் எது சரிவரவில்லை. கடைசிக் கேள்விக்கு ஒரு உண்மையான பதிலை ஆயத்தமாக வைத்திருக்கட்டும். தெரியாததற்கு ‘அதை நாங்கள் இன்னும் செய்து பார்க்கவில்லை’ என்று சொல்லலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பயம் பாதி அங்கேயே போய்விடும். ஒரு கூடத்துக்கு நான்கு பிள்ளைகள், இரண்டிரண்டு பேராக 45 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். தொண்டையும் காயாது, அவர்களும் மற்றக் கூடங்களைப் பார்க்கலாம்.

விதை முளைத்தலின் எல்லாப் படிகளையும் ஒரே நாளில் எப்படிக் காட்டுவது?
– தரம் 7 மாணவி, அக்கராயன்

கண்காட்சிக்கு 12, 9, 6, 3 நாட்களுக்கு முன்னும், முதல்நாள் இரவும் என்று ஐந்து முறை ஊறப்போட வேண்டும், தங்கச்சி. கௌபி நல்லது. பெரிய விதை, இரண்டு மூன்று நாளில் வேர் விடும். கண்ணாடிப் போத்தலின் ஓரமாக விதையை வைத்து உள்ளே ஈரத் தாளை நிரப்புங்கள். வெளியே கறுப்புத் தாள் சுற்றி, பார்க்கும்போது மட்டும் கழற்றுங்கள். தாள் ஈரமாக இருந்தால் போதும். அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகும். ஒவ்வொரு தடவையும் மூன்று போத்தல் போடுங்கள், ஒன்றாவது பழுதாகும்.

கண்காட்சி முடிந்ததும் மாதிரிகளை என்ன செய்வது?
– அதிபர், துணுக்காய்

அன்று மாலையே பற்றரி வயர்களைக் கழற்றி, குளம், நீர்வடி, போத்தல் எல்லாவற்றிலும் உள்ள தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். மூலையில் விட்ட குள மாதிரியில் ஏழு முதல் பத்து நாளில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். மோட்டார், சுவிட்ச், பம்பி, சேலைன் குழாய் ஆகியவற்றைப் பெயர் ஒட்டி ஒரு பெட்டியில் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கூடத்திலும் எது பழுதானது, எத்தனை மணிக்குப் பழுதானது என்று பிள்ளைகள் எழுதிய அரைப்பக்கத் தாளையும் அதே பெட்டியில் போடுங்கள். அடுத்த ஆண்டு பிள்ளைகள் முதலில் தேடப்போவது அதைத்தான்.